ராணிக்கு எதிரான கடிதம் ஹம்பேர்க் போன கதை

பூட்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பயணம் போகிறவரை எந்த நாட்டிலும் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். அவர் என்னைப் போலக் கறுப்பாகவும் இருந்துவிட்டால் மூன்று தடவை. கொலோனுக்குப் பக்கத்தில் ரைன் கரை ஊர் ஒன்றிலிருந்து ஹம்பேர்க் வரை நான் அப்படித்தான் போனேன். பெட்டிக்குள் இருந்தது ஒரேயொரு கடிதம். இங்கிலாந்து ராணியைத் தீர்த்துக்கட்டப் பலர் அலைந்த காலத்தில் அவர்களோடு தொடர்பு வைத்திருந்த ஒரு பாதிரியார் எழுதியது. நானூறு வருடங்களுக்கு மேலாகியும் அதை ஒருவரும் பிரிக்கவில்லை.

லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய தாள்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கிழிந்ததை ஒட்டுவேன், பூஞ்சணம் பிடித்ததைத் துடைப்பேன். எப்போதாவது ஓர் அரும்பொருள் ஊர்விட்டு ஊர் போகும்போது அதனுடன் காவலுக்கும் போவேன். கேட்கப் பெரிய வேலைபோல இருக்கும். உண்மையில் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கழிவறைக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கிற வேலை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவர் ஃப்ராவ் கெர்பர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு சிறு தட்டை என் முன்னால் வைத்தார். ஒரு பிஸ்கட் அளவுதான் கடிதம். அந்தக் காலத்தில் உறை கிடையாது. தாளைப் பல தடவை மடித்து, அதன் ஓரத்திலிருந்தே மெல்லிய வார் ஒன்றை வெட்டி, மடிப்புகளின் ஊடாக ஊசிபோலக் குத்தி இழுத்து, மேலே அரக்கு வைத்துவிடுவார்கள். வாரை அறுக்காமல் பிரிக்க முடியாது. அறுத்தால் யாரோ பிரித்துவிட்டார்கள் என்று பெறுபவருக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தின் வார் அறுபடவில்லை.

கடிதம் எழுதியவர் இங்கிலாந்திலிருந்து தப்பி இந்த ஊரில் அடைக்கலம் புகுந்த கத்தோலிக்கப் பாதிரியார். அங்கே அப்போது முதலாம் எலிசபெத் ஆட்சி. அவர் புரட்டஸ்தாந்து ராணி. பாப்பரசர் அவரைச் சபைக்குப் புறம்பாக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு சதிக்குமேல் சதி. ஸ்காட்லாந்து ராணியாக இருந்த மேரி, எலிசபெத்துக்கு உறவுக்காரி, கத்தோலிக்கர், இங்கிலாந்தில் வருடக்கணக்காகக் காவலில் இருந்தார். எலிசபெத்தைக் கொன்று மேரியைச் சிம்மாசனத்தில் ஏற்றுவதுதான் திட்டம். எழுதுகிறவர்கள் கடல் கடந்து பத்திரமாக இருந்தார்கள். கடிதங்களைச் சப்பாத்துக் குதியிலும் சட்டைப் பொத்தானிலும் ஒளித்துக்கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள்.

"இதைக் கொண்டுபோக வந்தவன் பயந்துபோய் இங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். பூசை உடுப்பு வைக்கிற அலுமாரியைப் பழுது பார்த்தபோது இழுப்பறைக்குப் பின்னால் கிடந்தது" என்றார் ஃப்ராவ் கெர்பர். தேவாலயச் சபையார் அன்றைக்கே பேனாக்கத்தியுடன் வந்து நின்றார்களாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் ஆசை யாரை விட்டது? ஃப்ராவ் கெர்பர் கதவில் சாய்ந்து நின்று தடுத்திருக்கிறார். ஹம்பேர்க்கில் ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. மையில் உள்ள இரும்பைக் கதிர்களால் தேடி, கடிதத்தைப் பிரிக்காமலே வாசிக்கக்கூடிய இயந்திரம் அங்கே உண்டு. எங்கள் அருங்காட்சியகம் செலவை ஏற்றுக்கொண்டது. கிடைத்த நேரம் வியாழன் காலை ஒன்பது மணி. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. சபையார் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: இந்தத் தடவை நடக்காவிட்டால் கத்திதான்.

"கத்தி வைத்தால் வாசிக்கலாம். ஆனால் அவர் தன் கையால் போட்ட பூட்டு போய்விடும். அதை யாராலும் திரும்பப் போட ஏலாது" என்றார். என் தொழிலில் உள்ளவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடிதத்தைப் பெட்டிக்குள் பஞ்சுக்குழியில் இறக்கினோம். பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. காற்றின் ஈரப்பதனையும் சூட்டையும் நிமிடத்துக்கு நிமிடம் பதிந்துகொண்டே இருக்கும். நான் அதற்கு ஒற்றன் என்று பெயர் வைத்தேன். பெட்டியைப் பூட்டி, இலக்கம் போட்ட பிளாஸ்டிக் முத்திரை மாட்டினோம். நான் மூன்று விதிகளுக்குக் கையெழுத்து வைத்தேன். பெட்டி என் பார்வையை விட்டுப் போகக்கூடாது. உள்ளே என்ன என்று யாருக்கும் சொல்லக்கூடாது. தப்பித் தவறி வேறு ஒருவர் கையில் போனால் அவருடைய பெயரும் விலாசமும் கையெழுத்தும் படிவத்தில் ஏறவேண்டும்.

அன்று மாலை சாப்பாட்டுக் கடையில் 'சொர்க்கமும் பூமியும்' என்று ஒரு பதார்த்தம் சொன்னார்கள். மரத்தில் காய்க்கிற அப்பிள் சொர்க்கம், மண்ணுக்குள் விளைகிற உருளைக்கிழங்கு பூமி. இரண்டையும் மசித்துக் கலந்து, மேலே பொரித்த வெங்காயம். கூடவே இரத்தத்தில் செய்த தொத்திறைச்சியும் வரும். நான் சைவக்காரி, அதை வேண்டாம் என்றேன். பரிசாரகர் என்னைப் பார்த்தார், மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "பெட்டிக்கும் ஏதாவது கொண்டுவரட்டுமா?" என்றார். பக்கத்து மேசை சிரித்தது. ஊரில் என்றால் இந்நேரம் நாலு பேர் வந்து உள்ளே என்ன என்று நேராகவே கேட்டிருப்பார்கள்.

புதன்கிழமை காலை கொலோனில் ஹம்பேர்க் ரயில் ஏறினேன். புயல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. டோர்ட்மண்ட் வரை வந்த ரயில் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே மின்கம்பிமேல் மரம் விழுந்துவிட்டதாம். முதலில் இருபது நிமிடம் என்றார்கள். பிறகு ஒரு மணி என்றார்கள். பிறகு, அன்புக்குரிய பயணிகளே, தயவுசெய்து எல்லோரும் இறங்குங்கள், இன்று வடக்கே ரயில் ஓடாது என்றார்கள். எனக்கு முன்னால் இருந்த கிழவர் ஒருவர் தொப்பியைத் தலையில் வைத்தபடி, "நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. அதனால் எனக்கு ஏமாற்றமும் இல்லை" என்று மனைவியிடம் சொன்னார். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. வியாழன் ஒன்பது மணி என் தலைக்குள் மணிபோல அடித்துக்கொண்டிருந்தது.

டோர்ட்மண்டில் என் பெரியம்மாவின் மகள் மாலினி இருக்கிறாள். அவளிடம் சொல்லாமல் இந்த ஊரைக் கடக்கலாம் என்று நினைத்ததே பாவம். ஃபோன் எடுத்தேன். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. செல்வம் அண்ணை கிழமைக்கு ரெண்டு தரம் ஹம்பேர்க் கடையளுக்குச் சாமான் கொண்டு போறவர். இண்டைக்குப் பின்னேரமும் போறார். நான் அவரையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள்.

அரை மணியில் இரண்டு பேரும் வந்தார்கள், அவள் காரில், அவர் வானில். பதினொரு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள். கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். செல்வம் அண்ணை பக்கத்தில் நின்றார். அறுபது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். "தாங்கோ தங்கச்சி" என்று கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டேன். ஆம், கடிதப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். வெள்ளைக்காரன் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். வயதில் மூத்தவர் ஒருவர் வழியில் வந்தவளின் பையைத் தூக்கக் கை நீட்டும்போது, இல்லை அண்ணை என்று இழுத்துப் பிடிப்பது எங்களிடையே கன்னத்தில் அடிப்பதற்குச் சமம். என் கை என்னைக் கேட்கவில்லை. மாலினி என் உடுப்புப் பெட்டியைத் தன் காரின் பின்னால் ஏற்றி மூடினாள். மற்றதும் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலினி வீட்டில் சோறு, கணவாய்க் கறி, முருங்கைக்காய்க் குழம்பு, எனக்கென்று தனியாகக் கத்தரிக்காய்ப் பால்கறி. நாலு வாய்தான் உள்ளே போயிருக்கும்.

"மாலினி, என்ரை சாம்பல் நிறப் பெட்டியை மேல கொண்டு வாறன். கார்த் திறப்பைத் தா."

"அது செல்வம் அண்ணையின்ரை வானுக்குள்ள. நீ அவரோடதானே போகப்போறாய்? அவர் கிடங்கில சாமான் ஏத்திப்போட்டு நாலு மணிக்கு வருவார். இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

கையை உதறிக்கொண்டு எழுந்தேன். செல்வம் அண்ணைக்கு ஃபோன் அடித்தோம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். வெங்காய மூட்டைகளுக்குக் கீழே பெட்டி நசுங்குவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஃப்ராவ் கெர்பர் கதவில் சாய்ந்து நிற்பதும் தெரிந்தது. நாற்பது நிமிடம் கழித்து அவரே அழைத்தார்.

"தங்கச்சி, உந்தப் பெட்டிக்குள்ள என்ன கிடக்கு?"

"ஒரு பழைய சாமான் அண்ணை. வேலைச் சாமான். உள்ளுக்குப் பத்திரமா வையுங்கோ."

"என்ன சாமான்?"

"சொல்ல ஏலாது அண்ணை."

"உதில முத்திரை போட்டுக் கிடக்கு. நம்பர் கிடக்கு. நான் உதை வானால இறக்கி வெளிய முற்றத்தில வைச்சிட்டன். உள்ளுக்கு என்ன எண்டு தெரியாமல் நான் ஒரு சாமானும் ஏத்திறேல்லை. நீங்கள் வந்து எடுங்கோ, இல்லாட்டி நான் பொலிசைக் கூப்பிடுறன்."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

கிடங்குக்கு இருபது நிமிட ஓட்டம். மாலினி வழியில்தான் சொன்னாள். செல்வம் அண்ணை பொடியனாகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தபோது, தெரிந்த ஒருவர், வவுனியாவில் இன்னாரிடம் கொடு என்று ஒரு பார்சல் கொடுத்திருக்கிறார். யுத்த காலம், வழியில் இராணுவச் சோதனை. பார்சலுக்குள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. பார்சல் என்னுடையது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. கொடுத்தவர் அதற்குள் கனடா போய்விட்டார். அண்ணை மூன்று வருடம் சிறையில் கிடந்தார். "இஞ்ச எல்லாருக்கும் தெரியும். கலியாணப் பலகாரம் குடுத்து விட்டாலும் அண்ணை அவிழ்த்துப் பாத்துத்தான் ஏத்துவார். நான்தான் உனக்குச் சொல்ல மறந்திட்டன்" என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். நானும்தான் அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

கிடங்கு முற்றத்தில் நடுவாக ஒரு மரத்தட்டின்மேல் என் பெட்டி இருந்தது. அதற்கு நாலைந்து அடி தள்ளி செல்வம் அண்ணை. கையை எட்டுமட்டும் நீட்டிப் பெட்டிக்குமேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் ஓடியது. எனக்குக் கோபம் முழுவதும் போய்விட்டது.

பெட்டியைத் தூக்கி முத்திரையைத் தடவிப் பார்த்தேன். அப்படியே இருந்தது. அண்ணையை அந்தக் கோலத்தில் பார்த்த பிறகு, விதியாவது ஒன்றாவது என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணை, உள்ளுக்கு ஒரு கடிதம். முந்தி இங்கிலாந்து ராணியைக் கொல்ல..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்தேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகும் என்று யார் சொன்னது? அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ராணியைக் கொல்லுற கடிதமோ? அதையோ என்ரை வானில ஏத்தினனீங்கள்?"

"அவ செத்து நானூறு வருசத்துக்கு மேல அண்ணை! எழுதினவையும் செத்திட்டினம். முதலாம் எலிசபெத்து. பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பியள்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. அண்ணை யாழ்ப்பாணத்துக் கரையோரத்துக் கத்தோலிக்கர். "அந்தப் பொல்லாத ராணியோ? சுவாமிமாரைப் பிடிச்சு வெட்டினவ?" என்றார். பாதிரியார்களைத்தான் சுவாமிமார் என்றார். நான் யாழ்ப்பாணத்தில் புரட்டஸ்தாந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் சரித்திர ஆசிரியைக்கு எலிசபெத் தங்கமான ராணி, சதிகாரர் எல்லோரும் சாத்தான்கள். அண்ணையின் பள்ளிக்கூடம் அங்கேயிருந்து ஒரு மைல்கூட இராது. ஒரு மைல் தூரத்தில் ராணிக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

"உந்தக் கடிதத்தைக் கொண்டுபோகப் போனவனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"இதைக் கொண்டுபோனவன் பயந்து விட்டிட்டு ஓடிட்டான். மற்றக் கடிதங்களைக் கொண்டுபோய்ப் பிடிபட்டவையைக் கட்டி இழுத்துச் சித்திரவதை செய்தவை. கனபேரைத் தூக்கில போட்டவை."

"எழுதின சுவாமி?"

"இஞ்சதான் இருந்தவர். வயசுபோய்ச் செத்தவர்."

"அதுதானே" என்றார். சிரிக்கவில்லை.

ஹம்பேர்க் ஆய்வுகூடத்தின் கடிதத்தையும் தேவாலய முத்திரை குத்திய தாள்களையும் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. "தாள் எல்லாம் அப்பவும் சரியாத்தான் இருந்தது" என்றார். பிறகு கிடங்குக்குள் போய் ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொண்டுவந்தார். "தமிழில எழுதுங்கோ. பெட்டி உங்கட. எனக்கு உள்ளுக்கு உள்ளது ஒண்டும் தெரியாது. எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தா நான் கொண்டுபோய் விடுறன்."

நான் எழுதினேன். பெட்டி என்னுடையது, செல்வம் அண்ணைக்கு எதுவும் தெரியாது, என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையது. அவர் இரண்டு தடவை வாசித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

வான் வடக்கே ஓடியது. பின்னால் முருங்கைக்காயும் மரவள்ளியும் மணத்தன. முன்கண்ணாடியில், ஜெர்மன் தமிழர் யாத்திரை போகும் கேவெலார் தலத்து மாதா ஆடிக்கொண்டிருந்தார். பெட்டி என் மடியில். ம்யூன்ஸ்டர் தாண்டியபின் அவராகவே, "பிறகு அந்த மற்ற ராணிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். காவலிலிருந்த மேரிக்குக் கடிதங்கள் பியர்ப் பீப்பாயின் அடைப்புக்குள் ஒளித்துப் போய்வந்தன. மேரியின் ஆட்கள் தாங்களே கண்டுபிடித்த வழி என்று நினைத்தார்கள். உண்மையில் அந்த வழியைத் திறந்துவிட்டதே எலிசபெத்தின் ஒற்றர் தலைவர்தான். ஒவ்வொரு கடிதத்தையும் அவருடைய ஆட்கள் பிரித்து, பார்த்தெழுதி, திரும்ப முத்திரை போட்டு அனுப்பினார்கள்.

"பீப்பாய் கொண்டுபோனவன் ஆரின்ரை ஆள்?" தொழில்காரரின் கேள்வி.

"ரெண்டு பகுதியிட்டையும் காசு வாங்கினவன் அண்ணை. பியர் விலையையும் கூட்டிக் கேட்டவனாம்."

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"கடைசியில, ராணியைக் கொல்ல ஆறு பேர் இருக்கினம் எண்டு ஒரு பொடியன் மேரிக்கு எழுதினவன். மேரியின்ரை பதில் கடிதம் ஒற்றரின்ரை கையில கிடைச்சது. அவை அதின்ரை அடியில, மேரி எழுதினமாதிரி, ரெண்டு வரி கூட்டி எழுதி விட்டவை. அந்த ஆறு பேரின்ரை பேரையும் சொல்லு எண்டு."

அண்ணையின் சிரிப்பு நின்றது. "பேர்தான் எப்பவும் கேப்பாங்கள்" என்றார். "எனக்கு ஒரு பேரும் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பன், தங்கச்சி. அவ்வளவு அடி."

அந்தப் பொடியனையும் கூட்டாளிகளையும் கொன்றார்கள், அடுத்த வருடம் மேரியின் தலையையும் வெட்டினார்கள் என்று கதையை அவசரமாக முடித்தேன்.

பிரேமனுக்கு முன்னால் வான்களை எல்லாம் ஓரம்கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இளம் பொலிஸ்காரி ஒருத்தி கதவைத் தட்டினாள். அண்ணை சட்டைப் பையிலிருந்த என் தாளைத் தொட்டுப் பார்த்தார். அவள் பெட்டியைப் பார்த்து வாய் திறக்குமுன், "என்னுடையது. பெட்டி என்னுடையது. இவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்திவிட்டேன். அவள் திகைத்துப்போனாள். தாள்களை வாங்கி வாசித்து, முத்திரை இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தாள். "நான் முருங்கைக்காயைப் பற்றித்தான் கேட்க வந்தேன்" என்றாள். எங்களைப் போகவிட்டாள்.

ஒன்பது மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, ஹம்பேர்க் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டார். பெட்டியைத் தூக்க இந்தத் தடவை அவர் கை நீட்டவில்லை. நானும் கொடுக்கவில்லை.

வியாழன் எட்டே முக்காலுக்கு ஆய்வுகூடத்தில் நின்றேன். இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் பிரிட்டோ, தூத்துக்குடிக்காரர். "வாங்க மேடம், டிராவல் எல்லாம் ஓகேவா?" என்று சிரித்தபடி முத்திரையை வெட்டினார். கடிதம் பஞ்சுக்குழியில் அலுங்காமல் கிடந்தது. வாரும் அரக்கும் அப்படியே. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிரிட்டோ ஒற்றனை எடுத்துக் கணினியில் சொருகினார். திரையில் ஒரு கோடு ஓடியது. ஓரிடத்தில் மேலே ஏறி இறங்கியிருந்தது.

"மேடம், நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு என்ன ஆச்சு? ஹ்யூமிடிட்டி திடீர்னு ஏறியிருக்கே. டேஞ்சர் இல்ல, லெட்டருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஃபார்ம்ல ரீசன் போடணும்."

பொய் சொல்வது எனக்கு வராத வித்தை அல்ல. ரயில் நிலையத்தில் மழைச்சாரல் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வேலையே முன்னால் கையாண்டவர்கள் எழுதிவைத்த குறிப்பை நம்பிச் செய்கிற வேலை. அதில் ஒருவர் பொய் எழுதினால் பின்னால் வருகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பெட்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என் பார்வையில் இல்லை, பிழை என்னுடையது என்று எழுதினேன். யார் கையில் இருந்தது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

லண்டனிலிருந்து மேலதிகாரி ஃபோனில் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பெயர் வேண்டும். பெயரும் கையெழுத்தும் இல்லாவிட்டால் காப்புறுதி செல்லாது. காப்புறுதி இல்லாமல் இயந்திரத்துக்குள் வைக்க முடியாது. கடிதம் திரும்பிப் போகட்டும்."

"பெட்டியை வைத்திருந்தவரிடம், அவருக்கு எதுவும் தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்."

"அப்படியானால் பெயர் சொல்வதில் என்ன கஷ்டம்?"

அதை எப்படி விளக்குவது? பெயர் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். பிரிட்டோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், பதினொரு மணி வரைக்கும்தான் நான் ஹோல்ட் பண்ண முடியும். அப்புறம் நெக்ஸ்ட் டீம் வந்துடுவாங்க. சாரி." வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். ஃப்ராவ் கெர்பருக்கு என்ன சொல்வது, சபையாரின் கத்தி எவ்வளவு கூராக இருக்கும் என்றெல்லாம் ஓடியது. சரியாகச் செய்தேனா பிழையாகச் செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

பத்து மணிக்குச் செல்வம் அண்ணையின் ஃபோன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகளுக்குச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, குடுத்திட்டியளோ?"

குடுத்தாச்சு, ஆனால் இன்றைக்கு வாசிக்க மாட்டார்கள் என்றேன். ஏன் என்று விடாமல் கேட்டார். கடைசியில் சொன்னேன்.

"விலாசத்தைச் சொல்லுங்கோ" என்றார். "நான் வாறன்."

பத்து நாற்பதுக்கு வந்தார். சட்டையில் மரவள்ளி மண் ஒட்டியிருந்தது. பிரிட்டோ படிவத்தை நீட்டி, "இங்க சைன் பண்ணா போதும் சார்" என்றார். அண்ணை ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு பேனையைக் கீழே வைத்தார்.

"சாமானை எனக்குக் காட்டுங்கோ. கண்டாப் பிறகுதான் வைப்பன்."

பிரிட்டோ என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தட்டைக் கொண்டுவந்து விளக்கின் கீழ் வைத்தார்கள். செல்வம் அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பழுப்பேறிய சிறு தாள், ஊசியாகக் குத்திய வார், பொட்டளவு அரக்கு.

"இவ்வளவுதானோ?" என்றார்.

"இவ்வளவுதான் அண்ணை."

நிமிராமலே பேசினார். "அண்டைக்குக் கோர்ட்டில ஒரு பார்சலைக் காட்டினவங்கள். நான் கொண்டுபோனது அதுதானோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது." பிரிட்டோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அண்ணை பேனையை எடுத்து, பெயரையும் விலாசத்தையும் ஜெர்மனில் எழுதி, கீழே தமிழில் கையெழுத்து வைத்தார். வானைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி உடனே போய்விட்டார்.

பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது இயந்திரத்தின் கதவு மூடியது. கதிர்கள் பிடித்த படங்களைக் கணினியில் மடிப்பு மடிப்பாக விரித்து வாசிக்கப் பல மாதங்கள் ஆகும் என்றார் பிரிட்டோ. பாதிரியார் ராணியைக் கொல்லச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா, குளிருக்குக் காலுறை கேட்டாரா என்று இதை எழுதும் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதை ரைன் கரையில் விட்டுவிட்டு ஓடியவனின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஹம்பேர்க் வரை கொண்டுவந்து சேர்த்தவரின் பெயர் இருக்கிறது: அந்தோனிப்பிள்ளை செல்வராசா, டோர்ட்மண்ட்.